பந்தாடும் பிள்ளையும் பெற்றோர் கடமையும்

நமது இயக்கத் தோழர்கள் சிலர், தங்கள் பிள்ளைகள் கால்பந்து விளையாட்டில் மிகுந்த பிரியங்கொண்டு பள்ளிக்கூடக் குழுவிலும் ஊர்க் குழுவிலும் சேர்ந்து ஆடி வருவதாகவும், இதைத் தடுப்பதா ஆதரிப்பதா, ஆதரிப்பதென்றால் எப்படி ஆதரிப்பது என்பதாகவும் நம்மைக் கேட்டு வருகின்றார்கள். ஜாதியையும் மதத்தையும் மூடநம்பிக்கையையும் பற்றி எழுத வேண்டிய பத்திரிகைக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் ஒரு பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிய உடனே, அதன் பின்னாலேயே ஜோசியமும், தாயத்தும், தலைவிதியும், ஜாதியும், பெண்ணடிமையும் வரிசையாக இறங்கி வந்துவிடுகின்றன என்பதை மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். ஆதலால் இது நமது வேலையே என்று கருதி இதை எழுதுகின்றோம்.

முதலாவது, பந்தாட்டமே கூடாது என்பவர்களுடைய வாதத்தைப் பார்ப்போம். படிப்புக் கெட்டுவிடும் என்கின்றார்கள். கால் ஒடிந்துவிடும் என்கின்றார்கள். கண்ட ஜாதிப் பிள்ளைகளோடு சேர்ந்து கெட்டுப் போவான் என்கின்றார்கள். படிப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகின்றவர்கள், பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளையை ஊர்த் திருவிழாவுக்கும், கோயில் கோயிலாகவும் இழுத்துக்கொண்டு அலையும்போது படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்கின்றோம். 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாள் ஒன்றுக்கு 60 நிமிஷமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கும் கணக்கு. விளையாடுவது குழந்தைகளின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989-ஆம் வருஷத்து உடன்படிக்கையிலே 31-வது பிரிவாக எழுதி வைத்திருக்கின்றது. இந்தியா அதை 1992-இல் ஒப்புக்கொண்டும் இருக்கின்றது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலே பள்ளிக்கூடத்திற்கு வகுப்பறை வேண்டும் என்று சொல்லியிருப்பது போலவே விளையாட்டு மைதானமும் வேண்டும் என்று சொல்லியிருக்கின்றது. ஆகவே விளையாட்டு என்பது பெற்றோர் மனமிரங்கிப் போடுகிற பிச்சையல்ல. பிள்ளைக்குச் சேர வேண்டிய பாத்தியதை ஆகும்.

கண்ட ஜாதிப் பிள்ளைகளோடு சேருவான் என்கின்ற ஆக்ஷேபணை இருக்கின்றதே, அதற்காகவே அவனைப் பந்தாட அனுப்ப வேண்டும் என்று நாம் சொல்லுவோம். அதைப் பின்னால் விவரிப்போம்.

நிற்க. நாம் இன்று முக்கியமாகப் பேச வந்தது தடுக்கின்ற பெற்றோர்களைப் பற்றியல்ல. தடுக்கின்றவர்கள் தொகை நாளுக்கு நாள் குறைந்து வருகின்றது. வடசென்னை வியாசர்பாடியிலும், குமரி ஜில்லாவில் தூத்தூர்க் கடற்கரையிலும் பந்தாட்டம் வீட்டுக்கு வீடு பரவியிருக்கின்றது. இப்போது பெரிய தொல்லை, ஆதரிக்கின்றோம் என்று சொல்லிக்கொண்டு பிள்ளையின் தலையில் தங்கள் அறியாமையை ஏற்றுகின்ற பெற்றோர்களாலேயே உண்டாகின்றது.

தாயத்தும் ரெபரியும்

போட்டி நாள் காலையில் பிள்ளையின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஒன்று, கழுத்திலே தாயத்து ஒன்று, நெற்றியிலே திருநீறு, பந்துக்கு ஒரு குங்குமப் பொட்டு, கோல் கம்பத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம், இவ்வளவையும் செய்துவிட்டு ஆட அனுப்புகின்றார்கள். ஆனால் பந்தாட்டத்திற்கென்று உலகமெங்கும் ஒரே விதிப் புத்தகம் இருக்கின்றது. அதில் 4-வது விதி, ஆட்டக்காரன் உடம்பில் ஆபரணம் எதுவும் இருக்கக்கூடாது, தோல் பட்டை ரப்பர் பட்டைகூட ஆகாது, மேலே பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் செல்லாது என்கின்றது. காரணம் கடவுள் விரோதமல்ல. ஓடி மோதும்போது தனக்கும் எதிரிக்கும் காயம் உண்டாகும் என்பதுதான். ஆகவே ரெபரி பார்த்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொன்னால் எப்பேர்ப்பட்ட தாயத்தும் ஓரத்திலே கிடக்க வேண்டியதுதான். தாயத்தைக் கழற்றிவிட்டு ஆடிய பிள்ளை கோல் போட்டால் அந்தக் கோலைப் போட்டது யார் என்று பெற்றோர்களே யோசிக்கட்டும்.

பிரார்த்தனையின் கணக்கையும் பார்ப்போம். 32 குழுக்கள் சேர்ந்த ஒரு போட்டியில், தோற்றவர் வெளியேற வேண்டும் என்பது முறையானால், 31 ஆட்டம் நடக்கும், 31 குழுக்கள் தோற்கும், ஒன்றுதான் ஜெயிக்கும். 32 குழுவின் தாய்மார்களும் தேங்காய் உடைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், 31 தேங்காய் வீண், ஒரு தேங்காய் பலித்தது என்று ஆகும். ஆனால் ஊரிலே பேசப்படுவது அந்த ஒரு தேங்காயைப் பற்றி மாத்திரமே. வீணான 31 தேங்காயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உலகத்திலுள்ள எல்லாக் கோயில்களின் பெருமையும் இந்தக் கணக்கில்தான் நடந்து வருகின்றது.

ஏதோ படியாத தாய்மார்கள் செய்கின்றார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2022-இல் இந்திய தேச அணிக்கே ஒரு ஜோசியர் அமர்த்தப்பட்டு, எந்த ஆட்டக்காரனுக்கு எந்த நாள் நல்லது என்று அவரிடம் கேட்டுக் குழுவை அமைத்ததாக 2023-இல் பத்திரிகைகளில் விரிவாக வெளியாயிற்று. அந்த 2022 ஜூன் மாதத்தில் கல்கத்தாவில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் இந்தியா ஜெயித்ததே என்று ஜோசியப் பிரியர்கள் கேட்பார்கள். ஆம், ஜெயித்தது. சொந்த மைதானத்தில், சொந்த ஜனங்களின் முன்னால், கம்போடியா, ஆப்கானிஸ்தானம், ஹாங்காங் ஆகிய குழுக்களை ஜெயித்தது. அந்த ஜெயத்தினால் கிடைத்த இடத்தைக்கொண்டு 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக்குப் போய், ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்று நாட்டாரிடமும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பி வந்தது. பலமுள்ள எதிரி வந்தவுடன் கிரகங்கள் எங்கே போயின என்று கேட்கின்றோம்.

பிறந்த மாதத்தின் ரகசியம்

பிறந்த நேரத்திற்கும் பந்தாட்டத்திற்கும் சம்மந்தமே இல்லையா என்று யாராவது கேட்டால், இருக்கின்றது என்றே நாம் பதில் சொல்லுவோம். ஜோசியர்கள் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். முழுவதையும் கேட்கட்டும்.

சிறுவர்களை வயதுவாரியாகப் பிரிப்பதற்கு ஒரு தேதி வேண்டும். சர்வதேசப் போட்டிகளிலே அது ஜனவரி 1. ஆகவே ஜனவரி மாதம் பிறந்தவனும், அதே வருஷம் டிசம்பர் மாதம் பிறந்தவனும் ஒரே வயதுக் குழுவில் ஆடுகின்றார்கள். 10 வயதுப் பிள்ளைகளிலே 11 மாத வித்தியாசம் சாமானியமானதல்ல. முன்னவன் உயரமாயிருப்பான், பலமாயிருப்பான், வேகமாக ஓடுவான். பயிற்சி கொடுப்பவர், இவனுக்குத் திறமை இருக்கின்றது என்று அவனைப் பொறுக்கி எடுப்பார். பொறுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி, நல்ல ஆட்டம், உற்சாகம் எல்லாம் கிடைக்கும். டிசம்பர் பிள்ளையோ ஓரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்து, பந்தையே விட்டுவிடுவான். இப்படியாக, பல தேசங்களின் சிறுவர் குழுக்களைக் கணக்கெடுத்துப் பார்த்ததில் தேதிக்குப் பின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாக இருக்கக் கண்டார்கள்.

இது கிரகபலனா, காலண்டர் பலனா என்பதைப் பெல்ஜியம் தேசத்திலே பரீட்சித்தது போலவே ஆகிவிட்டது. அங்கே முன்பு ஆகஸ்ட் 1 தான் பிரிவுத் தேதி. ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்தவர்கள் அதிகமாகப் பொறுக்கப்பட்டு வந்தார்கள். 1997-இல் தேதியை ஜனவரி 1 என்று மாற்றினார்கள். உடனே ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். காரணம் கிரகங்களானால், அவை பெல்ஜியத்துப் பந்தாட்டச் சங்கத்தின் சுற்றறிக்கையைப் படித்துப் பார்த்துத் தங்கள் பலனை மாற்றிக்கொண்டன என்றல்லவா சொல்ல வேண்டும்?

தோழர்களே! இதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை குழுவில் எடுக்கப்படாமல் அழுதுகொண்டு வந்தால், அவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அவன் பிறந்த மாதத்தையும், அவன் கூட ஆடுகிறவர்களுடைய பிறந்த மாதத்தையும் எழுதிப் பாருங்கள். அவன் சிறியவனாக இருப்பது அவன் குற்றமல்ல, அவன் விதியுமல்ல. சில வருஷம் பொறுத்தால் வளர்ச்சியிலே அந்த வித்தியாசம் தேய்ந்து போகும். அதுவரையில் அவன் பந்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெற்றோர் செய்ய வேண்டிய ஆதரவு. தலையெழுத்து என்று சொல்லி அன்றைக்கே அவன் உற்சாகத்தைக் கொன்றுவிட்டால், விதி என்பது மெய்யாகியும் விடும். விதி என்பதெல்லாம் இப்படித்தான் உண்டாக்கப்படுகின்றது.

கூச்சலும் பிரம்பும்

இனி மைதானத்து ஓரத்தில் நடப்பதைக் கவனிப்போம். பிள்ளையிடம் பந்து வந்த உடனே தகப்பனார், அடி என்கின்றார்; மாமன், கொடு என்கின்றார்; பயிற்சி கொடுப்பவர், நில் என்கின்றார். மூன்று எஜமானர்களுக்கு ஒரு வேலைக்காரன் அகப்பட்டால் அவன் என்னதான் செய்வான்? திகைத்து நிற்கின்றான், பந்து பறிபோகின்றது, உடனே, எருமை என்றும், தண்டம் என்றும் ஊர் கேட்க வசவு. வீட்டிற்குப் போனால் அடியும் உண்டு. பெற்றோர் இதைப் பாசம் என்கின்றார்கள். நாம் இதை ஆண்டான் அடிமைப் புத்தி என்கின்றோம். பிள்ளை தன் சொத்து, அவன் கால் தன் கால், அவன் ஜெயம் தன் மீசைக்கு மரியாதை என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். மற்றவனிடத்தில் சுயமரியாதை கேட்கின்ற நாம், நமது வீட்டுப் பிள்ளையின் சுயமரியாதையை நாலு பேர் முன்னிலையில் பறிப்போமானால் நாம் பேசுகின்ற சுயமரியாதைக்கு யோக்கியதை என்ன?

இந்த வியாதி நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. இங்கிலாந்திலே பெற்றோர்களின் கூச்சலும் ரெபரியைத் திட்டுவதும் பொறுக்க முடியாமற்போய், 2008-இல் அத்தேசத்துப் பந்தாட்டச் சங்கத்தார் மரியாதை இயக்கம் என்றே ஒன்று ஆரம்பித்து, பெற்றோர்கள் நிற்பதற்கென்று கோட்டுக்கு அப்பால் தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. நார்வே தேசத்தார் இன்னும் மேலே போனார்கள். 1987-இலேயே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். 2007-இல் அவற்றோடு பிள்ளைகளின் உரிமைகளையும் எழுதி வைத்தார்கள். அதன்படி, பிள்ளைக்கு 11 வயது ஆகிற வருஷம் வரையில் இன்னார் முதல், இன்னார் கடைசி என்று பட்டியல் போடக்கூடாது. என்ன விளையாட்டு, எவ்வளவு விளையாட்டு என்பதில் பிள்ளைக்கும் வாய் உண்டு. சரி, இப்படிச் செல்லம் கொடுத்ததால் அந்தத் தேசத்தார் விளையாட்டிலே கெட்டுப் போனார்களா? சுமார் 55 லக்ஷம் ஜனங்களே உள்ள அத்தேசம், 2022-இல் பீகிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கம் பெற்று உலகத்திலேயே முதலாவதாக நின்றது. அடித்தால்தான் பிள்ளை தேறும் என்கின்ற நமது பெரியோர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

பெண் பிள்ளைகள்

ஆண் பிள்ளையின் கதி இது என்றால், பெண் பிள்ளையின் கதி அதைவிட மோசமாகும். 12 வயது வரையில் ஓடியாடிய பெண், பெரியவளாகிவிட்டாள் என்றதும், பந்து பரண் மேல் ஏற்றப்படுகின்றது. தீட்டு என்கின்றார்கள்; கால்சட்டை ஆகாது என்கின்றார்கள்; வெய்யிலில் கறுத்துவிட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்கின்றார்கள். மஞ்சள் நீராட்டுக்குக் கடன் வாங்கிப் பந்தல் போடுகின்றவர்கள், அதில் ஒரு சிறு பங்கைக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? மாதவிடாய் என்பது உடம்பின் வேலை. அந்த நாட்களில் இஷ்டமிருந்தால் ஆடலாம், முடியாவிட்டால் இருக்கலாம், முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண்ணே அல்லாமல் பாட்டியாரும் அல்ல, பஞ்சாங்கமும் அல்ல.

இதிலேயும் வெள்ளைக்காரர் நம்மைவிட யோக்கியர்களாக இருந்துவிடவில்லை. 1920 டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூலில் பெண்கள் ஆடிய ஒரு பந்தாட்டத்தைப் பார்க்கச் சுமார் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், பந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதல்லவென்று சொல்லி, சங்கத்து மைதானங்களிலே பெண்கள் ஆடுவதை இங்கிலாந்துச் சங்கத்தார் தடுத்துவிட்டார்கள். சுமார் 50 வருஷம் அந்தத் தடை இருந்தது. கூட்டம் வராததால் தடுக்கவில்லை. வந்ததற்குப் பிறகுதான் தடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டிலோ, தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் மணிப்பூரைத் தோற்கடித்தும், 2023-இல் அரியானாவைத் தோற்கடித்தும் தேசியப் பட்டம் பெற்றிருக்கின்றார்கள். மதுரை சேது அணிப் பெண்கள் 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தையும் கொண்டுவந்தார்கள். அவர்களையெல்லாம் 12 வயதில் வீட்டுக்குள் அடைத்திருந்தால் இந்த ஜெயங்கள் எங்கிருந்து வந்திருக்கும்?

உடம்பைப் பற்றி

பந்தாடும் பிள்ளைக்கு அடிபடுவது சகஜம். ஆனால் அடிபட்ட பிறகு நமது ஜனங்கள் செய்கின்ற வைத்தியமே பெரிய அடியாக முடிகின்றது. சுளுக்கு என்றால், காலால் பிறந்தவரைத் தேடிப் பிடித்து மிதிக்கச் சொல்லுகின்றார்கள். கண்பட்டுவிட்டது என்று பூசணிக்காய் சுற்றுகின்றார்கள். வளருகின்ற பிள்ளைகளின் எலும்பு நுனியிலே வளர்ச்சிக்கென்று மெல்லிய பாகம் உண்டு. பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போகிற அடி, பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் முறிவாக இருக்கக்கூடும். ஆகவே காலை ஊன்ற முடியவில்லையென்றால் மிதிக்கவும் கூடாது, உருவவும் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, தடுமாற்றம் கண்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடியும் மைதானத்தில் இறங்கவே கூடாது. கோப்பை போனாலும் போகட்டும். உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தலையால் பந்தை முட்டுவதைப் பற்றியும் இப்போது ஜாக்கிரதை வேண்டியிருக்கின்றது. முன்னாளில் பிழைப்புக்காகப் பந்தாடியவர்கள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக மூளை தேயும் வியாதிகளால் இறந்திருக்கின்றார்கள் என்று கிளாஸ்கோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் கண்டு சொன்னார்கள். பந்தை முட்டியதுதான் காரணம் என்று அந்த ஆராய்ச்சி முடிவு கட்டிவிடவில்லை. ஆயினும் முன்ஜாக்கிரதையாக 2020-இல் இங்கிலாந்திலே ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தலைமுட்டுப் பயிற்சி கொடுக்கக்கூடாது என்றார்கள். அமெரிக்காவில் 2015-இலேயே 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைத் தடுத்தார்கள். புது உண்மை தெரிந்த உடனே பழைய வழக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் பகுத்தறிவு.

உணவுக்குச் சீமை டப்பா ஒன்றும் வேண்டியதில்லை. கேழ்வரகும், கடலையும், முட்டையும், மீனும், வாழைப்பழமும் போதும். ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடித்தால் ஓட முடியாது என்பது வெறும் பொய். நமது வெய்யிலில் தண்ணீர் கொடுக்காமலிருப்பதுதான் ஆபத்து. வெள்ளிக்கிழமை விரதம், 48 நாள் மாலை என்று வளருகின்ற பிள்ளையைப் பட்டினி போட்டும் வெறுங்காலோடு ஓடவிட்டும் புண்ணியம் தேடாதீர்கள். 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். சாரங்கபாணி ராமன் என்பவர் அந்த ஒரு கோலைப் போட்டார். அதை இன்றும் வீரக் கதையாகச் சொல்லுகின்றார்கள். வீரந்தான். ஆனாலும் நம் பிள்ளைக்குச் செருப்பில்லாத வீரம் வேண்டாம், பூட்ஸே வேண்டும் என்போம்.

ஜாதி

முன்னே சொல்லி நிறுத்திய விஷயத்திற்கு வருகின்றோம். பந்தாட்டத்தில் 11 பேர் வேண்டும். தன் ஜாதிக்காரனுக்குத்தான் பந்தைக் கொடுப்பேன் என்கின்றவன் தோற்றுப்போவான். இதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளுகின்றார்கள். ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிக்கின்றார்கள். கோல் விழுந்தால் கட்டிப் பிடித்துக்கொள்ளுகின்றார்கள். ஆயிரம் மேடையில் நாம் பேசிச் செய்ய முடியாததை ஒரு பந்து செய்துவிடுகின்றது. ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தவுடன், அவன் வெளியே நிற்கட்டும், நீ உள்ளே வா என்று சொல்லி அதை ஒரே நிமிஷத்தில் அழித்துவிடுகின்றவர்கள் பெற்றோர்கள்தாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் ஜாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டுமென்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் சர்க்காருக்குச் சிபார்சு செய்ய வேண்டிய நிலைமை இந்நாட்டில் இருக்கின்றதென்றால், அந்தக் கயிற்றைப் பிள்ளைகளா கண்டுபிடித்தார்கள்? ஆகவே பிள்ளையின் குழுவிலுள்ள அத்தனை பேரையும் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். அதைவிடப் பெரிய ஆதரவும் இல்லை, அதைவிடப் பெரிய பிரசாரமும் இல்லை.

முடிவாக, பந்தாடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அதைப் பிழைப்பாகக் கொள்ளப் போவதில்லை. அதற்காக அவர்கள் ஆடவும் இல்லை. சந்தோஷத்திற்காக ஆடுகின்றார்கள். அந்தச் சந்தோஷம் அவர்களுடையது. பெற்றோர் வேலை, பூட்ஸும், சோறும், தண்ணீரும், நேரமும் கொடுப்பது. மைதானமில்லாத ஊரில் பஞ்சாயத்தையும் சர்க்காரையும் விடாமல் கேட்டு மைதானம் வாங்கிக் கொடுப்பது. ஆட்டத்தின்போது கை தட்டி, வாயை மூடிக்கொண்டிருப்பது. தோற்று வந்தால், நாளைக்கும் ஆடப் போகிறாயா என்று கேட்பது. போகிறேன் என்று பிள்ளை சொல்லுமானால், அந்த வீட்டில் பெற்றோர் சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கின்றார்கள் என்று அர்த்தமாகும்.

ஆதலால் பந்தாடும் பிள்ளைகளைப் பெற்ற நமது தோழர்களும் தாய்மார்களும், அடுத்த ஆட்டத்தன்றே கயிறையும் தாயத்தையும் ரெபரி சொல்லுவதற்கு முன் தாங்களே கழற்றி எறிந்துவிட்டு, ஆண் பெண் என்கின்ற வித்தியாசமில்லாமல் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.